தூசி தெரிந்த வெளிச்சம்

எங்கள் வீட்டு ஹாலின் கூரையில் ஒன்பது ஹாலஜன் விளக்குகள் இருந்தன. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், எங்கள் தெருவுக்கு அது பெரிய வேடிக்கை. மைன்ஸை மூடியபோது கைக்கு வந்த பணத்தில் மற்றவர்கள் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார்கள், ஆட்டோ வாங்கினார்கள், பேத்தமங்களா பக்கம் நிலம் வாங்கப் போய் ஏமாந்து வந்தார்கள். என் அப்பா ஷீட் கூரைக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஃபால்ஸ் சீலிங் போட்டார். அதில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டு, பெங்களூர் நகைக்கடைகளில் இருப்பதுபோல ஸ்பாட் லைட் மாட்டினார். "இன்னா மாமா, ஓட்டல் வெக்கப் போறியா?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான். "வந்து உக்காரு, காபி தர்றேன்" என்று அப்பாவும் விடாமல் பதில் சொல்வார்.

அவர் அண்டர்கிரவுண்டில் பாறையைத் துளைக்கும் டிரில் பிடித்தவர். வேலை செய்த காலம் முழுவதும் தலையில் மாட்டிய விளக்கின் ஒற்றை வட்டத்துக்குள் மட்டுமே பார்த்துப் பழகியவர். அந்த ஹாலஜன்களை மாட்ட வந்த எலக்ட்ரீஷியனை அவர் படுத்திய பாடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு வட்டம் அவருடைய நாற்காலி மேல் விழ வேண்டும், ஒன்று சாப்பாட்டுத் தட்டின் மேல், ஒன்று அலமாரியில் இருக்கும் புத்தர் மேல், ஒன்று வாசல்படி மேல். நடுவில் இருட்டாக இருந்தால் அவருக்குக் கவலையில்லை. எனக்குத்தான் எரிச்சல். எதையாவது படிக்க வேண்டுமென்றால் வட்டம் இருக்கும் இடத்துக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கோடையில் அந்த விளக்குகளின் சூட்டில் மண்டை காயும். நாளாக ஆக, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் சீலிங் பழுப்பேறிப் போனது.

அப்பாவுக்கு அந்த விளக்குகளால் இன்னொரு காரியமும் ஆக வேண்டியிருந்தது. அவற்றின் வெளிச்சத்தில் அவர் தூசி பார்ப்பார்.

எங்கள் ஊரில் தூசி என்றால் சயனைடு மலைத் தூசிதான். கல்லை மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியதைக் கொட்டிக் கொட்டி, அது ஊருக்குள்ளேயே மலையாக நிற்கிறது. ஆடிக் காற்றில் அந்த மாவு கிளம்பும். தெருவில் வெள்ளைப் புகையாகத் தெரியும். வீட்டுக்குள் வந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. ஹாலஜன் வெளிச்சம் கூரையிலிருந்து தூண்போல இறங்கும். அதற்குள் மட்டும் தூசி மினுங்கிச் சுழல்வதைப் பார்க்கலாம். அப்பா நாற்காலியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்தால் போதும், "ஜன்னல சாத்து, தண்ணி அடி" என்று குரல் வரும்.

தண்ணீர் அடிப்பது மைன்ஸ் வழக்கம். பாறைக்கு வெடி வைத்த பிறகு, அந்த இடத்தில் தண்ணீர் அடித்துத் தூசியை அடக்கிவிட்டுத்தான் கல்லை அள்ள வேண்டும். அவசரத்தில் எத்தனையோ ஷிஃப்டுகளில் யாரும் அதைச் செய்யவில்லை. அந்தத் தூசியெல்லாம் அப்பாவின் நெஞ்சுக்குள் இருந்தது. வீட்டில் மட்டும் அவர் அந்த முறையை ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா விளக்குமாற்றைத் தொடுவதற்கு முன் ஹால் முழுக்கத் தண்ணீர் தெளித்தாக வேண்டும். "இது வூடா, இல்ல மைன்ஸுல எம்பதாவது லெவலா?" என்று அம்மா கத்துவாள். கத்திக்கொண்டே சொம்பை எடுத்துத் தெளிப்பாள்.

நுரையீரலில் கல்தூசி படிந்து இறுகிவிட்டது, இனி அது சரியாகாது என்று டாக்டர் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. கடைசி சில வருடங்களில் அப்பாவுக்கு பாத்ரூமுக்குப் போய் வருவதே பெரிய பயணமாகிவிட்டது. பிறகு ஆக்சிஜன் மிஷின் வந்தது. ஹாலில் போட்ட அவர் கட்டில் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி அளவுக்கு நிற்கும். அறையிலிருக்கும் காற்றை உறிஞ்சி, ஆக்சிஜனைப் பிரித்து, மூக்குக் குழாய் வழியாக உஸ்ஸென்று அனுப்பிக்கொண்டே இருக்கும். கரண்ட் இல்லாவிட்டால் ஓடாது.

எங்கள் ஊரில் காற்றடித்தால் கரண்ட் போகும், மழை பெய்தால் போகும், இரண்டும் இல்லாவிட்டாலும் போகும். இன்வெர்ட்டர் வாங்கினோம். ஆனால் ஒன்பது ஹாலஜனும் மிஷினும் சேர்ந்தால் அது தாங்கவில்லை. ஒரு மணி நேரம்கூட ஆகாது, கீ கீ என்று கத்த ஆரம்பித்துவிடும். ஒயர் மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்தக் காலத்தில் ஒன்பதையும் ஒரே சுவிட்சில் சேர்த்திருந்தார்கள். எரிந்தால் எல்லாம் எரியும், அணைத்தால் எல்லாம் அணையும். கரண்ட் போனதும் விளக்கை அணைத்துவிட வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். எங்கள் வீட்டில் அது முடியாது. அப்பாவுக்கு இருட்டு ஆகாது.

நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு முறை அவர் பர்ஸ்டில் மாட்டிக்கொண்டார். பூமிக்கடியில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சரிவதை எங்கள் ஊரில் பர்ஸ்ட் என்போம். அவருக்கு முன்னாலும் பின்னாலும் வழி அடைபட்டுப் போனது. தலைவிளக்கு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி அணைந்தது. டிரில்லுக்குக் காற்று வரும் இரும்புப் பைப் மட்டும் உடையாமல் இருந்தது. இருட்டில் அதைத் தடவிக் கண்டுபிடித்து, கசிந்து வந்த காற்றில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தார். ஒரு கல்லை எடுத்துப் பைப்பில் மூன்று தட்டுத் தட்டினார். கொஞ்சம் விட்டு இன்னும் மூன்று. ரொம்ப நேரம் கழித்து, பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ மூன்று தட்டுத் தட்டினார்கள். கல்லை அகற்றி ஆட்கள் வந்து சேரும்வரை இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டே இருந்தார்களாம். "அந்தச் சத்தம் கேட்டப்புறம் எனக்குப் பயமே இல்ல" என்பார். அது சும்மா. அதற்குப் பிறகு அவர் விளக்கை அணைத்துத் தூங்கியதே இல்லை. கரண்ட் போய் நாலு நொடி இருட்டானால் போதும், மிஷின் ஓடினாலும் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். சார்ஜர் லைட் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தேன். சார்ஜ் குறைந்து அது மங்க ஆரம்பித்ததும், அப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். தலைவிளக்கு அப்படித்தானே மங்கியது. லைட்டைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

ஆகவே வெளிச்சமும் வேண்டும், மிஷினும் ஓட வேண்டும். இரண்டுக்கும் ஒரே பேட்டரி.

நான் பெங்களூரில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறேன். விடியற்காலை வண்டியில் போய்ச் சாயங்கால வண்டியில் திரும்புவேன். ஒரு நாள் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தால் தெருவே இருண்டு கிடக்கிறது, எங்கள் வாசலில் கூட்டம். உள்ளே இன்வெர்ட்டர் கத்தி ஓய்ந்து போயிருந்தது. அம்மா ஒரு நியூஸ் பேப்பரை மடித்து அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள், விசிறினால் ஆக்சிஜன் வந்துவிடும் என்பதைப்போல. அவருடைய உதடு நாவல்பழம் தின்றவர் உதடுபோல் இருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது. மிஷின் உஸ்ஸென்றது. ஒன்பது ஹாலஜனும் ஒன்றாகப் பளிச்சென்று எரிந்தபோது அவற்றைக் கம்பால் அடித்து நொறுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அவர் கொஞ்சம் தெளிந்ததும் நான் ஆரம்பித்தேன். மகளான நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

"இந்த லைட்டுங்க ஒன்ன சாவடிச்சிடும் நைனா. எல்லாத்தயும் கயட்டிட்டு எல்இடி போடலாம்."

"லைட்டு இன்னா பண்ணிச்சு? பேட்டரி பழசாயிடுச்சு."

"பேட்டரி புதுசு. நீதான் பழசு."

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலானது. இருமி முடித்ததும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்புறம் அந்தப் பேச்சை எடுத்தாலே காது கேட்காதவர்போல் இருந்துவிடுவார். அம்மாதான் ஒரு நாள் சோறு ஊட்டும்போது சொன்னாள்: "நா ஒருத்தியா ஒங்கள எப்படிங்க பாக்கறது? அன்னிக்கு மாதிரி இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாது." அவர் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு, "கயட்டிக்கோங்க. ஆனா தூக்கிப் போடக் கூடாது. என் கட்டிலுக்குக் கீழ வைங்க" என்றார்.

அன்றைக்கு மாட்டிய அதே எலக்ட்ரீஷியன்தான் கழற்றவும் வந்தார். ஒவ்வொரு பல்பையும் அதன் சோக்கோடு வெளியே இழுத்தபோது, சீலிங்குக்கு மேலே இத்தனை வருடமாகப் படிந்திருந்த வெள்ளை மாவும் கருகிய பூச்சிகளும் சேர்ந்து கொட்டின. "தண்ணி அடி, தண்ணி அடி" என்று அப்பா கட்டிலிலிருந்து கத்தினார். மூக்கில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு, எலக்ட்ரீஷியனின் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பல்புகளை நான் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். ஓட்டைகளில் தட்டையான வட்ட எல்இடி பேனல்கள் ஏறின. "ஒம்பதும் சேர்ந்தாலும் பழசு ஒண்ணு தின்ன கரண்டுதான் மாமா தின்னும்" என்றார் எலக்ட்ரீஷியன்.

சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்க ஒரே வெள்ளை. எங்கள் வீட்டை நாங்களே அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தோம். மூலையில் விரிசல், அலமாரிக்குப் பின்னால் ஒட்டடை, புத்தரின் காதோரம் பெயின்ட் உதிர்ந்த இடம். "அய்யய்யோ, செவுரெல்லாம் இவ்ளோ அழுக்கா?" என்று அம்மா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். அப்பா கூரையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். வட்டம் எதுவும் இல்லை. கையை உயர்த்தி, நடுவெளியில் இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார்.

"தூசி இல்ல" என்றார்.

எங்களுக்கு அது நல்ல சேதியாகத்தான் பட்டது. அடுத்த முறை கரண்ட் போனபோது விளக்கும் எரிந்தது, மிஷினும் ஓடியது, இன்வெர்ட்டர் மூச்சுக் காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் அப்பா நிம்மதியாகப் படுத்திருந்தார். அம்மா அந்த இன்வெர்ட்டருக்குக் குங்குமம் வைக்காததுதான் குறை. நாங்கள் புத்தரை வைத்திருப்பவர்கள், அதெல்லாம் வைக்கிற வீடும் இல்லை.

அப்பா மாறிப்போனார். ஹாலில் உட்கார்ந்து தூசி பார்க்க இப்போது ஒன்றும் இல்லை. தண்ணி அடி என்று சொல்வது நின்றது. அம்மாவுக்கு முட்டிவலி, குனிந்து தெளிக்கும் வேலை தப்பியதே என்று அவளும் விட்டுவிட்டாள். கட்டிலைத் தெருப்பக்க ஜன்னலோரம் போடச் சொன்னார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் மூச்சு வாங்க வாங்க வம்புக்கு இழுத்தார். "இன்னா, டூட்டிக்கா? நம்ம ஊர்ல ஏது டூட்டி, பெங்களூருக்குத்தான?" சாயங்காலம் நான் தெருமுனை திரும்பும்போதே ஜன்னலில் அவர் முகம் தெரியும். சந்தோஷமாக இருந்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது ஆடி மாதம் என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

மிஷினின் பின்பக்கம் கையகலத்தில் ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர் இருக்கும். அதை வாரா வாரம் அலசிக் காயவைக்க வேண்டும். அது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. வழக்கமாகக் கொஞ்சம் அழுக்கு இருக்கும், போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை மக்கில் போட்டுப் பிழிந்தால் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர்போல வெளுத்தது. இன்னொரு மக் தண்ணீர் பிடித்தேன், அதுவும் அப்படியே. கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் தண்ணீரைச் சாய்த்தால், அடியில் சாம்பல் நிற மாவு படிந்திருந்தது. விரலால் தேய்த்தேன். நறநறத்தது. சின்ன வயதில் சயனைடு மலையில் சறுக்கி விளையாடிவிட்டு வந்தால் சட்டைப்பையில் இருக்கும் அதே மாவு.

மக்கோடு போய் அவர் முன்னால் நின்றேன். "ஜன்னல சாத்து நைனா. பாரு, எவ்ளோ தூசி வருதுன்னு."

எட்டிப் பார்த்தார். "மிஷின் பழசு. உள்ள இருந்து கொட்டுது."

"மிஷின் எங்கயாவது மண்ணு கொட்டுமா? காத்துல வருது."

"காத்துல எங்க கீது? காட்டு. வூடு எப்படி பளிச்சுனு கீது. முப்பது வருசமா தூசியிலயே கெடந்தவன், எனக்குத் தெரியாதா?"

அவர் கண்ணால் பார்த்தால்தான் தூசி. வாழ்நாள் முழுக்க விளக்கின் வட்டத்துக்குள் அதைப் பார்த்து அளந்தவர். வட்டமே இல்லாத வெளிச்சத்தில் அது தெரியவில்லை, தெரியாததால் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் ஃபில்டரைப் பார்த்து நம்பியிருப்பார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்படியே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். "ஒரே ஒரு பழைய பல்பை மாட்டித் தரணும், இன்னிக்கே." அவருக்கு நான் பைத்தியமாகத் தெரிந்திருப்பேன். சாயங்காலம் வந்து, கட்டிலுக்கு நேர் மேலே இருந்த ஒரு பேனலைக் கழற்றி, அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு ஹாலஜனை எடுத்து, தனி சுவிட்சில் சேர்த்துவிட்டுப் போனார்.

வெளியே நல்ல காற்று. ஷீட் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் குறைந்ததும் நான் பேனல்களை அணைத்துவிட்டு அந்த ஒற்றைச் சுவிட்சைப் போட்டேன்.

நானே அவ்வளவை எதிர்பார்க்கவில்லை. ஜன்னல் பக்கமிருந்து புகைபோல வந்து, அந்த வெளிச்சத் தூணுக்குள் நுழைந்து, கொதிக்கிற பால்போல் பொங்கிப் பொங்கிச் சுழன்றது. அவர் முகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அது இறங்கிக்கொண்டிருந்தது. மூக்குக் குழாயின் மேல் படிவதுகூடத் தெரிந்தது. அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். சொம்பை எடுத்துத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்தாள். தூசி கொஞ்சம் குறைந்தது. நிற்கவில்லை. சீலிங்கின் இடுக்குகளிலிருந்து மெதுவாக உதிர்ந்துகொண்டே இருந்தது.

அப்பா கண்ணை இமைக்காமல் பார்த்தார்.

"இத்தினி நாளா இது இங்கயேதான் இருந்திச்சா?" என்றார்.

காட்டு என்று கேட்டார், காட்டிவிட்டேன். ஜெயித்துவிட்டேன். அப்போது அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு, தோற்றிருக்கக் கூடாதா என்று இருந்தது. நெஞ்சின் மேல் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டிருந்தார், தூசி நுழைய அங்கே வழி இருப்பதுபோலவும் அதை அடைத்துவிடலாம் என்பதுபோலவும். சாவதற்கு அவர் எப்போதோ தயாராகிவிட்டார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவரே அப்படித்தான் பேசுவார். எல்லாம் பொய். அவருக்கு இன்னும் இருக்க வேண்டும் என்று இருந்தது.

அந்த நேரத்தில் கரண்ட் போனது. தெரு இருண்டது. இன்வெர்ட்டர் டக்கென்று ஏற்றுக்கொண்டது. மிஷினும் அந்த ஒற்றை ஹாலஜனும் ஓடின.

"அத்த அணைம்மா" என்றார் அப்பா என்னிடம்.

அணைத்தேன். பேனல் சுவிட்சைப் போட அம்மா சுவரைத் தடவினாள்.

"அதுவும் வேணா."

"இருட்டா கீதுங்க. ஒங்களுக்கு ஆவாதே."

"பரவால்ல. கரண்ட் எப்ப வருமோ. இருக்கறது எல்லாம் மிஷினுக்கே போவட்டும்."

அந்த பேனல்கள் தின்னும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். அந்த ஒன்றுமில்லாததும் அவருக்கு வேண்டியிருந்தது. வாழ்க்கையில் அவர் பயந்த ஒரே விஷயம் இருட்டு. இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. என் கையைத் தேடிப் பிடித்தார். மூச்சு இழுத்தது, ஆனால் விளக்கைப் போடு என்று கேட்கவில்லை.

மூன்று பேரும் அப்படியே இருந்தோம். மிஷின் உஸ் உஸ்ஸென்று காற்றை விட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பா என் கையை விட்டார். பிறகு கட்டிலின் இரும்புச் சட்டத்தில் டங் என்று ஒரு சத்தம். அவர் விரலில் இருந்த மோதிரம். இன்னும் இரண்டு தட்டு.

இந்தத் தடவை கல்லை அகற்றிக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரப்போவதில்லை. அது எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அடுத்த ஆடியை அவர் பார்க்கவில்லை.

இருட்டில் அம்மா தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. கையிலிருந்த சொம்பைக் கட்டில் காலில் வைத்துத் தட்டினாள். மூன்று தட்டு.

அவர் மறுபடியும் தட்டினார். இந்த முறை பதிலுக்கு நான் தட்டினேன்.